எது நியாயம்? – 7: பனிப்புயலும் ஆட்டோ மீட்டரும்

ரேஷன் கடையைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். அங்கே விலை வைப்பது அரசு. தனியார் தங்கள் சரக்குக்குத் தாங்களே விலை வைக்கும்போது, ‘இதற்கு மேல் போனால் அநியாயம்’ என்று யார் கோடு போடுவது? பொருளியல் பாடப் புத்தகம் கோடே தேவையில்லை என்கிறது. தேவை கூடினால் விலை ஏறும், அவ்வளவுதான். சரி, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்?

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் கனடாவில் அதைக் கேட்டுப் பார்த்தார்கள். தொலைபேசியில் அழைத்துச் சாதாரண மக்களிடம் சின்னச் சின்னக் கேள்விகள் போட்டார்கள். 1986இல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒரு கேள்வி இது: ஹார்டுவேர் கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்கிவிட்டார். இது சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள்.

விலை ஏறினாலே மக்களுக்குப் பிடிக்காது, இதிலென்ன அதிசயம் என்று தோன்றும். அடுத்த கேள்வியைப் பாருங்கள். லெட்யூஸ் கீரைக்குத் தட்டுப்பாடு. மொத்த விலையே 30 சென்ட் கூடிவிட்டது. மளிகைக்காரர் அந்த 30 சென்ட்டை அப்படியே தன் விலையில் சேர்த்துவிட்டார். 79 சதவீதம் பேர் அதில் தப்பில்லை என்றார்கள்.

இரண்டு கடையிலும் தட்டுப்பாடுதான், இரண்டிலும் விலை ஏறியது. ஆனால், தீர்ப்பு நேரெதிர். காரணம் எளிமையானது. அடக்கவிலை ஏறினால் வியாபாரி விலையை ஏற்றிக்கொள்ளட்டும். நஷ்டத்துக்கு விற்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அடக்கம் ஏறாமல், என் அவஸ்தையைப் பார்த்து மட்டும் ஏற்றினால் அது கொள்ளை. வாங்குகிறவருக்குப் பழகிய விலைமேல் பாத்தியதை உண்டு. விற்கிறவருக்குப் பழகிய லாபத்தின்மேல் பாத்தியதை உண்டு. மக்கள் போடும் கணக்கில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தக் கணக்கில் ஓட்டையும் உண்டு. ஒரு கார் மாடலுக்குத் தட்டுப்பாடு. பட்டியல் விலைக்கு மேல் 200 டாலர் கேட்ட டீலரை 71 சதவீதம் பேர் குற்றம் சொன்னார்கள். வழக்கமாகக் கொடுத்துவந்த 200 டாலர் தள்ளுபடியை நிறுத்திய டீலரை 58 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். வாடிக்கையாளருக்குக் கூடுதல் செலவு இரண்டிலும் அதே 200 டாலர்தான்! எம்.ஆர்.பி.யைத் தாராளமாக அச்சடித்துவிட்டு ஆண்டு முழுவதும் ‘ஆஃபர்’ போடும் கடைகளுக்கு இந்தச் சூட்சுமத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மக்களின் இந்த இரட்டைக் கணக்கு சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. நெருக்கடி நேரத்துக் கொள்ளை விலைக்கு எதிராக நியூயார்க் மாநிலம் 1979இலேயே சட்டம் போட்டது. இன்று அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது. அவற்றில் பலவற்றில், ‘எனக்கு அடக்கவிலை ஏறியது’ என்று காட்டும் வியாபாரிக்கு விலக்கு உண்டு.

இங்கே வருவோம். 2016 ஏப்ரலில் டெல்லியில் ஒற்றை – இரட்டை எண் வாகனக் கட்டுப்பாடு அமலில் இருந்தபோது வாடகை கார் செயலிகள் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றின. மாநில அரசு கண்டித்ததும் கீழே இறங்கி வந்தன. 2020 நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொடுத்தது. அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. பாதிக்குக் கீழே இறங்கவும் கூடாது. 2025 ஜூலையில் மேல் வரம்பு இரண்டு மடங்கானது. பயணிக்கு ஒரு வேலி, ஓட்டுநருக்கு ஒரு வேலி. மக்களின் நியாயக் கணக்கோடு இது பொருந்திப்போகிறது.

தமிழ்நாட்டு ஆட்டோ கட்டணம்தான் பொருந்தவில்லை. 2013 ஆகஸ்ட்டில் அரசு நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். சென்னையில் பெட்ரோல் 2021இல் 100 ரூபாயைத் தாண்டியது. உதிரி பாகம், இன்சூரன்ஸ், வீட்டு வாடகை எல்லாம் ஏறின. பத்தாண்டு கடந்தும் மீட்டர் கட்டணம் மட்டும் ஏறவில்லை. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்துப் பார்த்தன; அரசு ஏற்கவில்லை.

பயணியைக் காப்பாற்றப் போட்ட விதி யாரைக் காப்பாற்றியது? மீட்டர் வண்டியில் இருக்கிறது, ஓடுவதில்லை. “மேல போட்டுக் குடுங்க சார்” என்பதுதான் நடைமுறைக் கட்டணம். பேரம் பேசத் தெரிந்தவர் தப்பிக்கிறார். நள்ளிரவில் ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர் மாட்டிக்கொள்கிறார். ஓட்டுநரோ எந்த நேரமும் அபராதத்துக்கு உரியவராகவே வண்டி ஓட்டுகிறார்.

கட்டணத்தை ஏற்றினால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம்தான் இதற்குக் காரணம் என்றால், அந்தப் பயத்துக்குப் பேருந்துக் கட்டணம் பதில் சொல்லும். 2011 நவம்பருக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்து, 2018 ஜனவரியில் ஒரே நாளில் ஏற்றினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று. ஆண்டாண்டுக் காலம் தள்ளிப்போட்டு மொத்தமாகச் சுமத்தினால், நியாயமான உயர்வும் மண்வெட்டி விலையாகத்தான் தெரியும்.

எரிபொருள், பராமரிப்பு, இன்சூரன்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரம் வகுத்து, கணக்கைப் பொதுவில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மீட்டர் கட்டணத்தை அரசு திருத்த வேண்டும். அதன் பிறகும் மேலே கேட்கிறவர்மீது தயங்காமல் நடவடிக்கை எடுக்கட்டும். அடக்கவிலையைக் கணக்கில் எடுக்காத அரசுக்கு அபராதம் விதிக்கும் தார்மிக உரிமை கிடையாது.

அடுத்த வாரம்: குறைந்தபட்சக் கூலியை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

(தொடரும்)