புதுக் கொட்டகையில் புது மாடு



சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு குடும்பம் கறவை மாடு வாங்குகிறது. விற்றவர் வீட்டில் அது எட்டு லிட்டர் கறந்ததை வாங்கியவரே நின்று பார்த்திருக்கிறார். நம் கொட்டகைக்கு வந்த மறுநாள் அதே மாடு மூன்று லிட்டர்கூடக் கொடுக்க மறுக்கிறது. உதைக்கிறது, கயிற்றை இழுக்கிறது, இரவெல்லாம் கத்துகிறது. "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்பார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். "நாலு போடு போட்டால் சரியாகும்" என்பார் மூன்றாமவர். கடைசியில் வாங்கிய விலையில் பாதிக்கு அந்த மாடு இறைச்சிக்காரரிடம் போய்ச் சேருகிறது. தோட்டத்து லயன்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் கம்பத்து வீடுகளிலும் இப்படி நடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

மாட்டின்மேல் குற்றமில்லை. அது முரண்டு பிடிக்கவில்லை, பயந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு முதல் பத்து நாட்கள் பொறுமையாக நடத்தினால், போட்ட பணம் பெரும்பாலும் வீணாகாது. அதற்கான வழிகளை இன்று பார்ப்போம்.

மாடு ஏன் பயப்படுகிறது? அது கூட்டமாக வாழும் பிராணி. கூட்டத்தில் இருந்தால்தான் அதற்குத் தைரியம். பழகிய மாடுகளை விட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றி, முன்பின் அறியாத இடத்தில் தனியாகக் கட்டினால், ஆபத்து வந்துவிட்டது என்றே அது எண்ணும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதி அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆகவே சத்தமில்லாமல் பின்னால் வருகிறவரை அது உதைக்கப் பார்க்கும். அதன் செவியும் கூர்மையானது. நம் காதுக்கு எட்டாத மெல்லிய உயர்ந்த ஒலிகூட அதற்குக் கேட்கும். வேலியில் தொங்கும் சட்டை, காற்றில் ஆடும் சங்கிலி, தரையில் விழும் நிழல் ஆகியவை மாட்டைத் திகைத்து நிற்கச் செய்யும் என்று அமெரிக்கக் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் விளக்கியிருக்கிறார். நமக்கு அற்பமாகத் தோன்றுவது அதற்கு அற்பமல்ல.

சரி, பயத்துக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு? மடியில் பால் இருப்பது மட்டும் போதாது. அது காம்புக்கு இறங்க வேண்டும். மடியைக் கழுவித் தடவும்போது, அல்லது கன்று முட்டும்போது, மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அதுதான் பாலை இறக்குகிறது. மாடு பயந்தால் அட்ரினலின் என்னும் வேறொரு சுரப்பு பாய்ந்து இந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. இதையே நம் பெரியவர்கள் "மாடு பாலை எக்கிக்கொண்டது" என்பார்கள். 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்னும் இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கறக்கும் நேரத்தில் காகிதப் பைகளை ஊதி உடைத்து மாட்டை மிரட்டினார்கள். பால் இறங்குவது தடைப்பட்டது. ஆகவே அடித்துக் கறக்க நினைப்பவர், தாமே மடியைப் பூட்டிவிட்டுப் பாலைத் தேடுகிறார். அதோடு, மடியிலேயே பால் தங்கத் தங்கச் சுரப்பும் குறையும், மடிநோய்க்கும் இடமாகும்.

இனி, செய்ய வேண்டியவை.

மாட்டை ஓட்டி வருமுன் விற்பவரிடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தீனி? எந்த நேரத்தில் கறப்பீர்கள்? எந்தப் பக்கம் உட்கார்ந்து? கன்றை விட்டா, விடாமலா? என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? நாலைந்து நாளுக்கு அதே தீனியைக் கொஞ்சம் வாங்கி வருவது நல்லது. வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ கொண்டு வருவதானால், அனுமதி தேவையா என்று கால்நடைச் சேவை இலாகாவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கொட்டகையை முன்னதாகவே தயார் செய்யுங்கள். வழுக்காத தரை, காற்றோட்டம், நிழல், நிறையத் தண்ணீர் ஆகியவை அவசியம். நம்முடையதைப் போன்ற வெயில் நாட்டில் கறவை மாடு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேலும் குடிக்கும். ஆடுகிற துணி, தகரம், சங்கிலி எதுவும் அருகில் வேண்டாம். வீட்டில் வேறு மாடு இருந்தால் புதிய மாட்டின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரே தொட்டியில் குடிக்கவும் கூடாது. நோய் ஏதும் வந்திருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெயில் தணிந்த நேரத்தில் மாட்டைக் கொண்டு வாருங்கள். இறங்கியதும் தண்ணீர் காட்டி, புல் போட்டுவிட்டு, ஒதுங்கிவிடுங்கள். லயத்து ஜனமெல்லாம் கூடி வேடிக்கை பார்ப்பது அன்றைக்கு வேண்டாம். நாயையும் கட்டிப் போடுங்கள்.

முதல் வாரத்தில் ஒருவரே பார்த்துக்கொள்வது நல்லது. தீனி, தண்ணீர், கறவை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் இதற்கேற்ற நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அருகில் போகும்போது பக்கவாட்டில் வந்து, முதலில் குரல் கொடுத்து, பிறகு தோளைத் தொடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மாடுகளைப் பேர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் மாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 258 லிட்டர் பால் கூடுதலாக இருந்ததாம். பேரில் மந்திரம் எதுவுமில்லை. பேர் வைத்து அழைப்பவர் மாட்டை அன்பாகவும் நடத்துகிறார் என்பதே பொருள். லெட்சுமி என்றும் செவலை என்றும் கூப்பிட்டு வளர்த்த நமக்கு இது புதிதா?

புதுத் தீனியை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். புண்ணாக்கைத் திடீரென்று நிறையப் போட்டால் வயிறு கெடும். களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லை அறுக்கவே கூடாது.

கறக்க உட்காருமுன் மடியைக் கழுவி ஒரு நிமிடம் மெல்லத் தடவுங்கள். பால் இறங்கியதும் நிறுத்தாமல் ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள். அந்தச் சுரப்பின் வேலை அதற்குமேல் அதிக நேரம் நீடிக்காது. உதைத்தால் சற்று நிறுத்தி, பேசி, மறுபடி தொடங்குங்கள். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்னும் பழமொழி அனுபவத்தில் பிறந்தது.

ஆனால் எல்லாவற்றையும் பயம் என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு நாள் முழுதும் தீனி தொடாமை, வாயில் நுரை அல்லது புண், நொண்டுதல், இடப்பக்க வயிறு உப்புதல், மடி சூடாகிக் கல்லாதல், சிறுநீர் காப்பி நிறமாதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மாடு பழகிவிட்டதை எப்படி அறிவது? அது நிம்மதியாகப் படுத்து, கண்ணைப் பாதி மூடி அசை போடும். நாம் வரும் சத்தம் கேட்டால் பின்வாங்காமல் தலையை நீட்டும். பால் தானாகவே ஏறத் தொடங்கும். சில மாடுகளுக்கு மூன்று நாள் போதும். சிலவற்றுக்கு மூன்று வாரம் ஆகும். முந்திய இடத்தில் அடி வாங்கிய மாட்டுக்கு இன்னும் அதிகம் ஆகலாம். அதுவரை வீட்டில் யாரும் அதன்மேல் கம்பு ஓங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நாம் மாட்டிடம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.