வான் இல்லாத பிரயாணம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வெளிவாயிலைக் கடந்ததும் பிரயாணியின் காதில் விழும் முதற் சொல் ‘வணக்கம்’ அன்று. ‘ஆயுபோவன்’ என்பதும் அன்று. ‘வான்’ என்பதே அச்சொல். “ஐயா, வான் வேணுமா? யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, திருமலையா?” என்று கேட்டுக்கொண்டு நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தத் திசைக்குரியவன் என்று ஊகிக்கும் ஆற்றல் அவர்களுக்கு எவ்வாறு வாய்த்ததோ, அறியேன். 2023 ஆவணியில் ஒரு விடியற்காலை சென்னையிலிருந்து வந்திறங்கிய நான், புத்தகப் பொதியைத் தோளில் மாற்றிக்கொண்டு, “பஸ்ஸில் போகிறேன்” என்றேன். “குச்சவெளிக்கா? பஸ்ஸிலா?” என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலியைவிட அனுதாபமே மிகுந்திருந்தது.

குச்சவெளி என் ஊர். திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து கடல் தாண்டிவர ஒன்றரை மணி நேரம் போதும். கட்டுநாயக்காவிலிருந்து வீட்டு வாசலை அடைய ஒரு முழுப் பகல் வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. மாலையில் வந்திறங்குபவர் கொழும்பு சென்று, கோட்டையில் திருகோணமலை இரவுப் புகையிரதத்தைப் பிடிக்கலாம். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக அது விடியுமுன் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலையில் இறங்குபவருக்கு அந்த வசதி பயன்படாது. அவர் ஒன்றில் நீர்கொழும்பு சென்று, கிரியுல்ல வழியாகக் குருநாகலை அடைந்து, கொழும்பிலிருந்து வரும் 49 ஆம் இலக்கத் திருகோணமலை பஸ்ஸை இடையிலே பிடிக்கவேண்டும். அல்லது 187 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, போகவேண்டிய திசைக்கு எதிர்த் திசையிலே கொழும்புக்குச் சென்று, புறக்கோட்டையிலிருந்து அதே 49 இல் புறப்படவேண்டும். முன்னதில் தூரம் மிச்சம். ஆனால் தம்புள்ளை வரையிலாவது நின்றே போக நேரலாம். பின்னதில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் வீண். ஆனால் ஆசனம் நிச்சயம். இளமையில் நான் குருநாகலைக் கட்சி. இப்போது முழங்கால் சொல்வதைக் கேட்டுக் கொழும்புக் கட்சிக்கு மாறிவிட்டேன்.

187 ஆம் இலக்க பஸ்ஸில் என் எதிர் ஆசனத்தில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் இருந்தாள். சக்கரம் பூட்டிய பெரிய பெட்டியொன்றை முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்திருந்தாள். பெட்டியின்மீது பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் என்னுடையதாகவே இருந்தது. நான் என் தகப்பனார் பெயரைச் சொன்னதும், அவள், “நம்மட பள்ளிக்கூடத்துச் சேரா?” என்று எழுந்திருக்க முயன்றாள். குவைத்தில் வீட்டு வேலை செய்து நாலு வருடத்தின் பின் திரும்புகிறாளாம்.

“கூட்டிப்போக ஒருவரும் வரவில்லையா, தங்கச்சி?” என்று கேட்டேன்.

“நான் வாறன் எண்டு ஊட்ட ஒருத்தருக்கும் செல்லல்ல, சேர். சென்னா வான் புடிச்சிக்கிட்டுக் குடும்பமே வந்துரும். வழியில சாப்பாடு, புள்ளையளுக்குச் சாமான். போன முற அப்படித்தான். அந்த ஒரு நாள் செலவு என்ட ரெண்டு மாசச் சம்பளம்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை தொனிக்கவில்லை. கணக்கு ஒப்புவிப்பவள் போலச் சொன்னாள். எங்கள் பகுதியில் வெளிநாட்டிலிருந்து வருபவரை வானில் சென்று அழைத்து வருவது வெறும் பிரயாண வசதி அன்று. அது ஒரு மரியாதை. வான் வந்து நின்றாற்றான் ஊர் அறியும். முதன்முறை நான் இந்தியா சென்று மீண்டபோது என்னையும் பதினொரு பேர் ஏறிய வானிலே அழைத்துச் சென்றார்கள். அதற்காகத் தகப்பனார் பட்ட கடனை நான் அறிந்தது வெகு காலத்துக்குப் பின்புதான்.

புறக்கோட்டையில் இருவருமாகப் பெட்டியை 49 இல் ஏற்றினோம். குருநாகல், தம்புள்ளை எல்லாம் தூக்கத்திலே கழிந்தன. ஹபரணையைத் தாண்டிய காட்டு வீதியில் பின்சக்கரம் காற்றுப் போய் நின்றது. மாற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சாரதி ஆணி திருகிய நேரமெல்லாம் அந்தப் பெண் தன் கைக்கடிகாரத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அஞ்சியது காட்டுயானைக்கு அன்று. திருகோணமலையிலிருந்து மாலையில் புறப்படும் புல்மோட்டை பஸ் போய்விட்டால், கடைசி முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு ஓட்டோவுக்கோ வானுக்கோ கொடுக்கவேண்டும்; நாலு வருடத்தின் பின் வருபவள் இரவில் தனியே வாடகை வண்டியில் வந்து இறங்கினாள் என்ற பேச்சையும் கேட்கவேண்டும். இருநூற்றைம்பது கிலோமீற்றர் சிக்கனமும் அந்தக் கடைசித் துண்டிலே அழிந்துவிடக்கூடும்.

திருகோணமலையை அண்மிக்கையில் சீனக்குடாவின் நினைவு வந்தது. அங்கே ஒரு விமான ஓடுபாதை உண்டு. கட்டுநாயக்காவைப் போலவே அதுவும் பிரித்தானிய விமானப் படையினர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பயன்படுத்திய தளம். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின்மீது குண்டு வீசியபோது தாக்குதலுக்கு உள்ளானது. 1957 இல் இரண்டு தளங்களும் இலங்கையின் கைக்கு வந்தன. ஒன்று நாட்டின் பெருவாயிலாயிற்று. மற்றது விமானப் படையிடமே தங்கிவிட்டது. எப்போதாவது சிறு விமானங்களில் உல்லாசப் பிரயாணிகள் அங்கே வந்திறங்கியதுண்டு. குவைத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அந்த வாயில் திறந்ததில்லை. திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் அவள் வீட்டில் இருந்திருப்பாள்.

எங்கள் கரைக்குத் தூரதேசத்தார் வருவது புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். குச்சவெளிக் கடலோரப் பாறையிலே தூபிகளின் உருவங்களும் வடமொழிக் கல்வெட்டொன்றும் உள்ளன. அயலூராகிய திரியாயின் பாறைக் கல்வெட்டு வணிகர் இருவர் பெயரைக் குறிக்கின்றது. அவர்கள் காலத்தில் கடலே பெருவீதி. வழிப்பயணத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் கல்லில் வெட்டுவித்திருந்தால் எங்களுக்கு உதவியாய் இருந்திருக்கும்!

நகரெல்லையை அடைந்தபோது மணி ஐந்தரையைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண் எழுந்து போய் நடத்துநரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிங்கள இளைஞர். அரைகுறைத் தமிழ் பேசினார். கைத்தொலைபேசியை எடுத்து, “மல்லி, புல்மோட்டையா? ரெண்டு பேர் வாறாங்க. ஒரு பெட்டி. கொஞ்சம் நில்லு” என்றார். அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் புல்மோட்டை பஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சற்று முறைத்தார்கள். பின்பு பெட்டிக்கு இடம்விட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார்கள். எந்த அறிவித்தற் பலகையிலும் இல்லாத இந்த ஏற்பாட்டினாலேதான், கார் இல்லாத மக்கள் இந்நாட்டில் ஊர் போய்ச் சேர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி. கச்சான் காற்று யன்னல் வழியே மணலை வீசியது. போர்க்காலத்தில் இவ்வீதியில் சோதனைச் சாவடிதோறும் இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, நடந்து, மீண்டும் ஏறிய நாட்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்ததும் இக்கரையிலேதான். அந்தப் பெண்ணோ எதையும் பார்க்கவில்லை. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியபோது மட்டும், “பாலம் வந்துட்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குச்சவெளியில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அவள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மணல். பெட்டியின் சக்கரம் உருளவில்லை. ஒரு புறம் அவளும் மறுபுறம் நானுமாகத் தூக்கிச் சென்றோம். வேலிப் படலையைத் தள்ளியதும் நாய் குரைத்தது. உள்ளிருந்து ஒரு கிழவி, “ஆரது?” என்றாள்.

“நான்தான் உம்மா.”

விளக்கொன்று முற்றத்துக்கு ஓடிவந்தது. கிழவி மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் பின்னால் இருளை எட்டிப் பார்த்து, “வான் எங்க?” என்று கேட்டாள்.