வாசல் விளக்கு: எத்தனை வெளிச்சம் போதும்?

தேவ்நாரில் எங்கள் சொசைட்டி வாசலில் சில ஆண்டுகளுக்கு முன் 100 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட் ஒன்று ஏறியது. பைக் திருட்டுக்குப் பயந்து கமிட்டி எடுத்த முடிவு. முதல் மாடிக்காரர்கள் ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கினார்கள், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மழைநாள் இரவு, சேடாநகர் கோயிலிலிருந்து திரும்பிய பாலக்காட்டு மாமி ஒருவர் கேட்டருகே இருந்த ஒற்றைப் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"இத்தனை வெளிச்சத்திலே எப்படி மாமி?" என்று கேட்டேன்.

"அந்த வெளிச்சம்தாண்டா கண்ணைக் குத்தித்து. படி எங்கே தெரிஞ்சுது?" என்றார்.

மாமி சொன்னது சரி. கண்ணுக்கு நேராகப் பளீரென்று ஒளி விழுந்தால் பாவை சுருங்கிவிடும். பக்கத்து நிழல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். வயதானால் கண்ணின் லென்ஸ் மங்கி, கூச்சம் இன்னும் அதிகம். திருடனுக்கும் அந்த இருட்டு மூலைதானே வசதி!

வாட் என்பது மின்சாரச் செலவு. வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 100 வாட் குண்டு பல்பு சுமார் 1,400 லூமன் தந்தது. எல்.இ.டி.யோ ஒரு வாட்டுக்கே ஏறக்குறைய 100 லூமன் தருகிறது. ஆக எங்கள் வாசலில் தொங்கியது ஏழு குண்டு பல்பு!

தேவை எவ்வளவு? போக்குவரத்துக் குறைந்த சிறு தெருக்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது சராசரி 4 லக்ஸ். அதாவது சதுர மீட்டருக்கு 4 லூமன். எங்கள் நடைபாதை 25 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். 100 சதுர மீட்டருக்கு 400 லூமன். பாதி வீணாகும் என்று வைத்தாலும் 800. கணக்குப்படி ஒரு 9 வாட் பல்பு போதும். ஆனால் ஒரே இடத்தில் மாட்டினால் ஒரு முனை பளீர், மறுமுனை இருட்டு. எனவே 5 வாட்டில் மூன்று, மேலே மூடி வைத்து, ஒளி தரையில் மட்டும் விழும்படி பொருத்தினோம். ஒன்று அந்தப் படிக்கு நேர் மேலே. இரவு 12 மணி நேரம் எரிந்தால் முன்பு மாதம் 36 யூனிட், இப்போது ஐந்தரை. செகரட்டரி வாய் திறக்கவில்லை!

நிறமும் கவனிக்க வேண்டியது. 2015இல் மரீன் டிரைவின் மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். 'ராணியின் அட்டிகை' களையிழந்தது என்று ஊரே கூச்சலிட்டது. பிறகு மஞ்சள் சாயல் திரும்பியது. அது அழகுப் பிரச்சினை. நம் பக்கம் புகையும் தூசியும் மிதக்கும் குளிர்கால இரவுகளில் நீலம் கலந்த வெள்ளை ஒளி வெண்திரை போட்டதுபோல் கண்ணை மறைக்கிறது என்பது என் அனுபவம்.

ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் சென்சார் விளக்கையும் முயன்றோம். தெரு நாய்களின் தயவால் அது அணையவே இல்லை.

லோஹார் சாலில் விளக்கு வாங்கப் போகும் அன்பர்கள், அட்டையில் லூமன் எவ்வளவு, நிறம் 2,700 அல்லது 3,000 கெல்வின்தானா, நம் ஜூன் மழைக்குத் தாங்கும் ஐ.பி. 65 முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் இரவில் ஒருமுறை கேட்டிலிருந்து படிவரை நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு.