பிட்காயினின் மின்பசி ஏன் அடங்குவதில்லை?

பிட்காயினின் கணக்கேட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம் சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காக உலகெங்கும் இயந்திரங்கள் ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. சரியான எண்ணை முதலில் பிடித்தவருக்கு, 2024 ஏப்ரல் முதல், 3.125 பிட்காயின் பரிசு. தோற்ற ஊகங்கள் தின்ற மின்சாரம் அத்தனையும் வெறும் வெப்பம். திறன்மிக்க இயந்திரங்கள் வந்தால் செலவு குறையாதா? குறையாது. 2016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்தில், மென்பொருளே புதிரின் கடினத்தைத் திருத்துகிறது. எல்லோரும் வேகமெடுத்தால் புதிரும் இறுகும். ஆகவே மின்செலவைப் பெரிதும் தீர்மானிப்பது பரிசின் சந்தை மதிப்புதான். பின்தங்கிய இயந்திரங்களோ வேறெந்த வேலைக்கும் உதவாமல் குப்பையாகின்றன.

வீணாகும் நீர்மின்சாரத்தைத்தானே எடுக்கிறோம் என்பார்கள் இந்த இயந்திரங்களை ஓட்டுபவர்கள். சீனாவின் சிச்சுவானில், மழைக்காலத்தில், அது ஓரளவு உண்மையாக இருந்தது. ஆனால் 2021இல் சீனா இந்தத் தொழிலுக்குத் தடைவிதித்ததும் இயந்திரங்களில் கணிசமானவை நிலக்கரி மின்சாரத்தை நம்பியிருக்கும் கஜகஸ்தானுக்குப் போயின. அங்கே மின்தட்டுப்பாடு முற்றியது. மலிவான மின்சாரம் எங்கேயோ அங்கே போகும் தொழில் இது, தூய்மையானதைத் தேடி அல்ல. பாதுகாப்புக்கு இந்த விலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற வாதமும் வலுவிழந்துவிட்டது. மற்றொரு மின்னணு நாணய வலையமைப்பான எத்தீரியம் 2022 செப்டம்பரில் ஊகப்போட்டியைக் கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்தவர்கள் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. பணம் படைத்தவர் கை அதில் ஓங்கும் என்ற குறை நியாயமானதே. பெரிய இயந்திரக் கூடங்கள் ஆளும் பிட்காயினிலும் அந்தக் குறை உண்டு. எத்தீரியத்தின் மின்செலவோ 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.