முத்திரை ஒட்டிய தேயிலை

இறம்பொடை வளைவுகளில் தேயிலை லொறி போவதை நாளும் பார்க்கிறோம். அந்தத் தேயிலைக்கு 1883 முதல் கொழும்பு ஏலத்தில் விலை குறிக்கிறார்கள். கொழுந்து பறித்தவரை யாரும் கேட்பதில்லை.

மெக்சிக்கோவின் ஓஹாக்கா மலைகளில் கோப்பி பயிரிட்டவர்களுக்கும் இதே நிலைதான். அவர்களோடு வாழ்ந்த ஒல்லாந்துக் குரு பிரான்ஸ் வான் டெர் ஹொவ், தம் நாட்டு நிக்கோ றோசனுடன் சேர்ந்து 1988இல் ‘மக்ஸ் ஹவலார்’ என்னும் நியாய வணிக முத்திரையைத் தொடக்கினார். தர்மம் அல்ல, தகுந்த விலையே அவர்கள் நாடியது. பல நாட்டு முத்திரை அமைப்புகள் 1997இல் ஒரே சர்வதேச அமைப்பாக இணைந்தன. அதன் தலைமையகம் ஜேர்மனியின் பொன் நகரில் உள்ளது.

இம்முத்திரையுடன் விற்கும் தேயிலைக்கு, விலைக்கு மேல் ஒரு தொகை கிடைக்கும். அது துரையின் பணமன்று. எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் தெரிவுசெய்த குழுவே தீர்மானிக்க வேண்டும். ஆனால் முத்திரை பெற்ற தோட்டமும் தன் தேயிலையைச் சாதாரணமாக விற்றால் இத்தொகை வராது. ஆகவே பலகையைப் பார்த்து மகிழாதீர்கள். எத்தனை கிலோ முத்திரையில் போயிற்று என்று கேளுங்கள். நிர்வாகம் செய்யவேண்டிய லயத் திருத்தத்துக்கு இப்பணத்தைக் கேட்டால் சம்மதிக்கவும் வேண்டாம்.

நிலமிழந்து வந்து அரை ஏக்கரில் தேயிலை நட்ட குடும்பங்களே, இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு சிற்றுடைமையாளருடையதே. எனினும் தனியொருவர் இம்முத்திரை பெறுவது அரிது. சங்கமாகச் சேரவேண்டும், பரிசோதனைக் கட்டணம் உண்டு, கணக்கும் கூட்டக் குறிப்பும் ஒழுங்காக இருக்கவேண்டும். குறிப்பெழுத, வீட்டில் படித்த பெண்பிள்ளை இருந்தால் முதல் கூட்டத்துக்கே அழைத்து வாருங்கள்.