வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து மாற்றும் முன்

திருப்பூரில் பல வீடுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர், தொழில் கம்ப்யூட்டர் என்று இரண்டு கிடையாது. பகலில் மகளின் காலேஜ் ப்ராஜெக்ட், சாயங்காலம் கரண்ட் பில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எம்பிராய்டரி பஞ்சிங், டி-ஷர்ட் பிரிண்டுக்குக் கலர் செப்பரேஷன். எல்லாம் ஒரே மேசையில்தான் நடக்கின்றன. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் டிசைனர், தன் சொந்த ஜாப் ஒர்க்கை வீட்டில் உட்கார்ந்து முடிக்கிறார். வேலை கூடக் கூட மெஷினும் மாறுகிறது. ராம் ஏறுகிறது, ஹார்டு டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வருகிறது, ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்கிறது. கூடவே, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த டிசைன் சாஃப்ட்வேரும் உள்ளே ஏறிவிடுகிறது.

காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரைத் திறப்பதற்கும், பாகம் மாற்றுவதற்கும், பிடித்த சிஸ்டத்தைப் போட்டுக்கொள்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிக்கல் வரும்போதுதான் சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: இது சொந்த உபயோகத்துக்கா, வியாபாரத்துக்கா? நுகர்வோர் சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பல இடங்களில் பிரிகின்றன. இரண்டு உபயோகமும் ஒரே மேசையில் கலந்துகிடக்கும் நம் ஊருக்கு, இதைத் தெரிந்துவைத்திருப்பது மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை.

முதலில் இரும்புப் பக்கம். இந்த ஊர் கம்ப்யூட்டருக்குப் பஞ்சுத் தூசி பெரிய எதிரி. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நான்கு பவர் டேபிள் தையல் மெஷின் ஓடினாலே போதும். காற்றில் பறக்கும் நூல்பிசிறு சி.பி.யு. ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் ஒரு கம்பளி மாதிரிப் படிந்துவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகும். "பழசாயிடுச்சுங்க, மாத்திருங்க" என்று சொல்லப்படும் எத்தனையோ கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஒரு சுத்தம், புதிதாகக் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் அதிவேகமாகச் சுற்றிக் கெட்டுப்போகும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். வெளியிலிருந்து தூசி ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், முதலில் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை.

பாகம் வாங்கும்போது கொள்ளளவில் ஏமாற்றுவது பரவலாக நடக்கிறது. ஒரு டெராபைட் என்று எழுதியிருக்கும். உள்ளே அதில் சிறு பங்குகூட இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழு இடத்திலும் எழுதிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிது என்று விற்ற டிஸ்க் ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். லேப்டாப் சார்ஜர் வாங்கினால் அதில் பி.ஐ.எஸ். முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று தெரிந்துவிடும். எண் பொய் என்றால் சார்ஜரைத் தொடாதீர்கள்.

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சு" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 1975-இல் வந்த வாரண்டிச் சட்டத்தின் அடிப்படையில், 2018-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இப்படி மிரட்டிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் அவ்வளவு நேரடியான சட்டம் இல்லை. ஆனால் காற்று அந்தத் திசையில்தான் வீசுகிறது. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் தொடங்கியது. இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பிராண்டட் லேப்டாப்பைத் திறக்கும் முன் அதன் வாரண்டி அட்டையைப் படிப்பது. ராம், டிஸ்க் மாற்றுவதைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் இந்தக் கவலை குறைவு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. அதற்காகத்தான் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் பெயர் பிட்லாக்கர். மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அமைப்பில் கை வைத்தாலோ 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திறப்பதற்கு முன்பே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கீ இல்லையென்றால், உள்ளே இருக்கும் குழந்தையின் பிறந்தநாள் படங்களையும் மூன்று வருட டிசைன்களையும் எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது.

இனி சாஃப்ட்வேர். என் கோபமெல்லாம் இங்கேதான். "ஃபுல் வெர்ஷனே போட்டுத் தர்றேங்க, ஆன்டிவைரஸ மட்டும் ஆஃப் பண்ணிக்குங்க" என்ற பேச்சைக் கேட்காத டிசைனர் இந்த ஊரில் இருக்க முடியாது. வீட்டுக் காவலை நிறுத்திவிட்டு முகம் தெரியாத ஆளை உள்ளே விடச் சொல்லும் பேச்சு அது. விண்டோஸைக் காசில்லாமல் ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் கே.எம்.எஸ்.பிகோ என்ற நிரலின் போலிப் பிரதிகள், கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலைக் கூடவே இறக்குவதை 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அது அள்ளிக்கொண்டு போகும். கிராக் எனும் பூட்டுடைத்த பிரதிகள் வழியாகவே பரவிய ஸ்டாப் ரேன்சம்வேர் இன்னும் கொடியது. விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல ஒரு திரையைக் காட்டிவிட்டு, பின்னால் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பூட்டும். பிறகு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி என்று சொல்லும்.

இந்த ஊரில் போகும் பாஸ்வேர்டு ஒருவருடையதோடு நிற்பதில்லை. டிசைனரின் ஈமெயிலில் கம்பெனியின் ஆர்ட்ஒர்க் இருக்கும், மெர்ச்சண்டைசரின் கடிதம் இருக்கும், பையரின் பெயர் இருக்கும். அந்தப் பெட்டிக்குள் புகுந்தவன், பணம் போட வேண்டிய நேரம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணம் வேறு எங்கோ போய்ச் சேரும். ஏற்றுமதித் தொழிலை உலகம் முழுக்க வாட்டும் மோசடி இது. கிராக் போட்ட ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அதற்கு வாசலாகிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

சட்டத்தில் இதற்கு என்ன இடம்? திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957 பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்று காட்டினால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு விடலாம். மகளின் ப்ராஜெக்டுக்குக் கிடைக்கக்கூடிய அந்தச் சலுகை, அதே கம்ப்யூட்டரில் கூலிக்குப் பஞ்சிங் போடும் அப்பாவுக்குக் கிடைக்காது. எம்பிராய்டரி சாஃப்ட்வேரை டாங்கிள் என்ற லைசென்ஸ் பூட்டு இல்லாமல் ஓட வைக்கும் வேலைக்கு 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ பிரிவு தனியாக இருக்கிறது. திருட்டுப் பிரதிக்காகப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை.

அதே சட்டம் உங்கள் பக்கமும் நிற்கிறது. 52-ஆவது பிரிவைப் பாருங்கள். முறையாக வாங்கிய சாஃப்ட்வேரைப் பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராயலாம். சொந்த உபயோகத்துக்காக, லாப நோக்கமின்றி, அதை உங்கள் தேவைக்கு மாற்றியமைத்துக்கொள்ளவும் செய்யலாம். பிள்ளைகள் கம்ப்யூட்டரை நோண்டினால் குற்றம் செய்வதுபோல அதட்டும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லைசென்ஸ் வாங்க முடியவில்லையே என்பது நியாயமான வருத்தம். கூலிக்கு டிசைன் போடுகிறவருக்கு அந்த விலை பெரிய சுமை. ஆனால் சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பவை இன்று பழையபடி அரைகுறையாக இல்லை. வெக்டர் டிசைனுக்கு இங்க்ஸ்கேப், படங்களுக்கு கிம்ப், கிரிட்டா. இங்க்ஸ்கேப்போடு இங்க்/ஸ்டிட்ச் என்ற இணைப்பைச் சேர்த்தால் எம்பிராய்டரி பஞ்சிங்கே செய்யலாம். மெஷின் படிக்கும் டி.எஸ்.டி. ஃபைலாகவே வெளியே எடுக்கலாம். பேட்டர்ன் போட சீம்லி2டி இருக்கிறது. பழகக் கொஞ்ச காலம் ஆகும், பழகிய குறுக்குவழிகள் மாறும். ஆனால் இவற்றைத் தொழிலுக்கே பயன்படுத்தலாம், எந்தப் பிரிவும் பாயாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. பழைய மெஷினில் நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தரும் கடைகள் உண்டு. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அந்த மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் நன்றாகவே பொருந்தும். தமிழ் இடைமுகம், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அதில் உண்டு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். வாங்கிய பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் திறந்தே பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, கோளாறு டிஸ்க்கில் இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் இரண்டு கேபிளை உருவினால் போதும். வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும் மெஷினுக்கு இது கட்டாயம். அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஃபைலை நகலெடுப்பதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்தரங்கப் படத்தைப் பரப்பினால் 66-இ பிரிவும் சேரும். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். 1930-க்கு அழையுங்கள், சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெண்கள் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் பதிய வசதி இருக்கிறது. வங்கிப் பணம் போயிருந்தால் நேரம் மிக முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் 1930-இல் சொன்னால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஃபைல்கள் பூட்டப்பட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். டிஸ்க்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டவர்கள் 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் பல வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. ஸ்டாப் ரேன்சம்வேரின் 148 வகைகளுக்கு 2019-இல் சாவி வந்தது. இன்று திறக்காவிட்டாலும், டிஸ்க்கை எடுத்து வைத்தால் நாளை திறக்கலாம். மெஷினைச் சுத்தம் செய்ய, மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவச நிரல்கள் தருகிறது. கம்ப்யூட்டர் வழி நேர்ந்த பண நஷ்டத்துக்கு, 5 கோடி ரூபாய் வரை, மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடமே இழப்பீடு கேட்கலாம். ஈமெயில் மோசடியில் பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி, தமிழ்நாட்டின் அந்த அதிகாரி 2010 ஏப்ரலில் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டார்.

கடைக்காரர் பழைய பாகத்தைப் போட்டு ஏமாற்றினாலோ, ரிப்பேரில் மெஷினைக் கெடுத்தாலோ, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கியதாயிற்றே, நுகர்வோர் என்று ஏற்பார்களா என்று தயங்க வேண்டாம். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக, தானே பயன்படுத்துவதற்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. வீட்டில் உட்கார்ந்து தன் கையால் டிசைன் போடுகிறவர் அதற்குள் வருகிறார். பத்து ஆள் வைத்து நடத்தும் யூனிட்டுக்கு இது கடினம்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையிலோ சென்னையிலோ இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில், ஜாப் ஷீட், வாட்ஸ்அப் பேச்சு, பாகத்தின் சீரியல் எண் தெரியும் படம் ஆகியவற்றோடு போங்கள். கடையில் மெஷினை ஒப்படைக்கும் முன்பே அந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டும்.

வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசலாம். வைத்துக்கொள்ள விரும்பினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவு அந்த உதவியைத் தருகிறது, இவர்களின் வருமானத்தை அது கேட்பதில்லை. பனியன் கம்பெனியில் தைக்கும், கட்டிங் போடும், செக்கிங் பார்க்கும் தொழிலாளர்களும் அந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம்.