உள்ளிருந்து திறக்கும் வழி

ஒரு பாடசாலை நூலகத்தின் நூற்பட்டியலை மாணவியரே கணினியில் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்பதும் அதில் பதிவாகிறது. பாடசாலைக்குள் அது நன்றாக இயங்கும். வீட்டிலிருந்து பார்க்க முயன்றால் கிடைக்காது. காரணம் என்ன?

இணையத்தில் இணையும் கருவிக்கு ஒரு முகவரி வேண்டும். இன்றும் பெரிதும் பயன்படும் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமையால் ஒரு கட்டடத்தின் கணினிகள் எல்லாம் ரவுட்டரின் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளேயிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தாலோ, அதை எந்தக் கணினியிடம் ஒப்படைப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது.

சுரங்கம்

சொந்த முகவரியுடைய சிறிய சேவையகம் ஒன்றை மாத வாடகைக்குப் பெறலாம். பாடசாலைக் கணினி அதனை அழைத்து, தொடர்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கும். வீட்டிலுள்ள மாணவி சேவையகத்தை நாடுவாள். அவளது வேண்டுகோள் அந்தத் தொடர்பின் வழியே பாடசாலைக்குச் சென்று, விடையும் அவ்வழியே திரும்பும். இதற்கு எஸ்எஸ்எச் என்னும் இலவச மென்பொருளே போதும். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து யுலோனென், அங்கு வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து 1995இல் இதனை எழுதினார்.

சான்றிதழ்

சுரங்கம் பாடசாலைக்கும் சேவையகத்துக்கும் இடையிலான பாதையை மட்டுமே காக்கும். வீட்டுக்கும் சேவையகத்துக்கும் இடையில் மாணவியின் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகக் கூடாதல்லவா? அங்கேதான் எஸ்எஸ்எல் சான்றிதழ் தேவைப்படுகிறது. பழைய பெயர் நிலைத்துவிட்டாலும் இன்று இயங்குவது அதன் வழிவந்த டிஎல்எஸ் முறையே. செய்தியை மறைப்பதோடு, நாம் பேசுவது உண்மையான தளத்துடன்தான் என்பதையும் அது உறுதிசெய்கிறது.

2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை இச்சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாக வழங்குகிறது. முதலில் ஒரு தளப்பெயரைப் பதிவுசெய்து, அது நம் சேவையகத்தைக் காட்டுமாறு அமைக்க வேண்டும். பின்பு சேவையகத்தில் செர்ட்பொட் என்னும் மென்பொருளை இயக்கினால், சான்றிதழ் வழங்குவோர் ஓர் இரகசியக் குறியைத் தந்து, தளத்தின் குறித்த இடத்தில் வைக்கச் சொல்வர். அவர்கள் வந்து பார்க்கும்போது குறி அங்கிருந்தால், பெயர் நம் கட்டுப்பாட்டில் உள்ளது என்பது உறுதியாகும். சான்றிதழின் ஆயுள் 90 நாள் அல்லது அதற்கும் குறைவு. எனவே தானாகப் புதுப்பிக்குமாறு அமைத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சான்றிதழுக்குரிய தனிச்சாவியை யாருக்கும் கொடுக்கலாகாது. சேவையகத்தில் தேவையற்ற வாசல்களை மூடிவிட வேண்டும். அதிபரின் அனுமதியின்றிப் பாடசாலை வலையமைப்பில் சுரங்கம் அமைப்பது, வேலியில் பொத்தலிடுவதற்கு ஒப்பானது. அவ்வழியே நாம் மட்டுமே வருவோம் என்று சொல்ல முடியாது.

சான்றிதழ் வழங்குவோரும் தவறலாம். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துள் ஊடுருவியவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். கூகுளின் பெயரிலான ஒன்று ஈரானியப் பயனர்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தை நம்ப மறுத்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் அது வங்குரோத்தானது.

பெற்றோர் ஒன்றை நினைவிற் கொள்வது நன்று. உலாவியில் தெரியும் பூட்டு, உரையாடலைப் பிறர் கேட்கவில்லை என்பதற்கே சாட்சி. உரையாடும் தளத்தின் உரிமையாளர் நேர்மையானவர் என்பதற்கு அது சாட்சியல்ல. மோசடிக்காரரும் இலவசச் சான்றிதழ் பெறலாம். ஆகவே பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுமுன், பூட்டைப் பார்ப்பதுடன் தளத்தின் பெயரையும் எழுத்தெழுத்தாக வாசிக்கப் பழக்குங்கள்.